புரையும் கண் பிரஷரும் ஒரே ஆபரேஷனில்: மதுரையில் லென்ஸ் கேட்ட விவரம்

வெளிநாட்டிலிருந்து மூன்று வார லீவில் வந்து கண் புரையை எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். கூடவே கிளாக்கோமாவும் (கண் பிரஷரால் பார்வை நரம்பு கெடும் நோய்) இருந்து, இரண்டையும் ஒரே ஆபரேஷனில் செய்யச் சொல்லிவிட்டால் அந்த நாள் கணக்கு போதாது. இந்தப் பயணத்தில் மதுரையில் கேட்டு அறிந்ததை, அடுத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

டாக்டர் பார்த்ததும் கவுன்சலர் மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே கொடுத்த பேக்கேஜ் அட்டையில் இந்தியன், இம்போர்ட்டட், மல்டிஃபோக்கல் (தூரம், கிட்டம் இரண்டுக்கும்) என்று விலைதான் இருந்தது. புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் எதனால் செய்தது என்று ஒரு வரி கிடையாது. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். நாட்டைப் பார்த்துத் தரத்தை எடைபோட வேண்டாம். மதுரையின் ஆரோலேப் 1992 முதல் லென்ஸ் தயாரிக்கிறது.

பிஎம்எம்ஏ என்ற கெட்டி பிளாஸ்டிக் லென்ஸ் மடியாது. அதன் அகலம் 5.5 முதல் 6 மி.மீ.; வெட்டும் அந்த அளவுக்கு வேண்டும். வெட்டு பெரிதானால் கண்ணில் அழற்சி கூடும். அழற்சி கூடினால், பிரஷரைக் குறைக்க, கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறப் போட்ட புது வடிகால் தழும்பேறி அடைபடும். மடிகிற அக்ரிலிக் 2.2 முதல் 2.8 மி.மீ. வெட்டில் உள்ளே போய்விடும்.

அக்ரிலிக்கிலேயே இரண்டு வகை உண்டு: தண்ணீரை ஈர்க்கும் ஹைட்ரோஃபிலிக், தண்ணீரை ஏற்காத ஹைட்ரோஃபோபிக். கவனம் இங்கேதான் வேண்டும். ஹைட்ரோஃபிலிக் வகையில் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர். விலை குறைவு, ஆனால் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு சீக்கிரம் மங்கும். சில கண்களில் லென்ஸுக்குள்ளேயே சுண்ணாம்பு படிந்து பால்போல் வெளுக்கும். பின்னாளில் கருவிழி மாற்றும்போது கண்ணுக்குள் காற்றோ வாயுவோ ஏற்றினால் அந்த ஆபத்து அதிகம். பல ஆபரேஷன் கண்ட கிளாக்கோமா கண்ணுக்குக் கருவிழி மாற்றும் நிலை வரக்கூடும். இந்த வெளுப்பு, மங்கிய சவ்வைத் திறக்கும் யாக் லேசருக்குப் போகாது, லென்ஸையே மாற்ற வேண்டும். சவ்வு மங்கல் என்று நினைத்து லேசர் அடித்துவிட்டால் மாற்றுவதும் கடினமாகிவிடும். அதனால் என் ஓட்டு, சதுர விளிம்புள்ள ஹைட்ரோஃபோபிக்குக்கே.

சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் (கண்ணுக்குள் பொடுகுபோல் படியும் கோளாறு) இருந்தால் லென்ஸ் உட்காரும் பையைத் தாங்கும் நார்கள் தளர்ந்திருக்கும். பை கிழிந்தால் ஒரே துண்டு அக்ரிலிக்கைப் பைக்கு முன்னால் வைக்கக் கூடாது. அதன் தடித்த கால் ஐரிஸில் உரசி நிறமி உதிர்ந்து, பிரஷர் திரும்ப ஏறும். மெல்லிய கால்கள் தனியாகப் பொருத்திய மூன்று துண்டு லென்ஸ் ஒன்று தயாராக இருக்குமா என்று முன்பே கேளுங்கள். மல்டிஃபோக்கல் வேண்டாம், கிளாக்கோமாவால் ஏற்கெனவே குறைந்த கான்ட்ராஸ்டை அது இன்னும் குறைக்கும்.

தங்குவதற்குக் குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள். மறுநாள், பிறகு வாரந்தோறும் பிரஷர் பார்ப்பார்கள். வடிகால் மூடியின் தையலை லேசரால் தளர்த்துவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். நீர் அதிகம் வடிந்தால் லென்ஸ் முன்னே நகர்ந்து பவர் மாறும், கண்ணாடிக்கு அவசரப்படாதீர்கள். மறு கண்ணின் சொட்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

லென்ஸ் டப்பாவில் மாடல், பவர், சீரியல் எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று ஃபைலில் ஒட்டப்படும், இன்னொன்றை வாங்கி வையுங்கள். வடிகால் தழும்பேறாமல் இருக்க வைக்கும் மைட்டோமைசின் மருந்து எவ்வளவு, எத்தனை நிமிடம் வைத்தார்கள், எத்தனை தையல் என்பதும் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கட்டும். திரும்பிப் போன ஊரில் உள்ள டாக்டர் முதலில் கேட்பது அதுதான். எத்தனை வருடம் கழித்தும் அந்தக் கண் சிவந்து, பீளை தள்ளி, பார்வை மங்கினால் அன்றைக்கே கண் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வடிகால் வழியாகக் கிருமி உள்ளே இறங்கியிருக்கலாம்.