விக்டோரியஸா, வயலெட்டாவா?

இந்த இரண்டு டிவி தொடர்களில் எதைப் பார்ப்பது? இரண்டிலும் கலைப் பள்ளி, பாட்டு, ஆட்டம், அசட்டுத்தனம். ஆனால் அசட்டுத்தனத்தின் ரகம் வேறு.

2010இல் நிக்கலோடியன் சேனலில் வந்த விக்டோரியஸ் சிரிப்பொலி சேர்த்த நகைச்சுவைத் தொடர். மேடையேற வேண்டிய அக்காவின் நாக்கு வீங்கிவிட, தங்கை டோரி பாடுகிறாள். உடனே பள்ளியில் இடம்! நடிப்பு ஆசிரியர் சிகோவிட்ஸ் வெறுங்காலோடு வந்து, தேங்காயில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவார். தர்க்கம் கேட்கக் கூடாது. 'கேட்' (Cat) என்ற சிவப்பு முடி மாணவியாக வருவது பாடகி அரியானா கிராண்டே.

2012இல் தொடங்கிய வயலெட்டா அர்ஜென்டினாவில் எடுத்த டிஸ்னி தொடர், சுத்தமான மெகா சீரியல். பாடகியான அம்மா இறந்ததால் அப்பா ஹெர்மான் மகள் வயலெட்டாவை இசைப் பக்கமே விடுவதில்லை. சொந்தச் சித்தி ஆஞ்ஜி, உறவைச் சொல்லாமலே வீட்டில் ஆசிரியையாக நுழைகிறாள். மூன்றாவது சீசனில் அப்பாவே மாறுவேடத்தில் மகள் படிக்கும் 'ஸ்டுடியோ' என்ற இசைப் பள்ளிக்கு வருகிறார். ஒட்டுத்தாடியை யாரும் கண்டுகொள்வதில்லை! நம்மூர் சீரியல் பார்த்தவர்களுக்கு இது பழகிய சங்கதிதான்.

சீசனுக்கு 80 பகுதி, மொத்தம் மூன்று சீசன். பொறுமை வேண்டும். விக்டோரியஸை எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். அரை மணி நேரத்தில் ஒரு கதை முடிந்துவிடும்.

பாட்டுக்காக என்றால் வயலெட்டாதான். அங்கே கதையே பாட்டில்தான் நகர்கிறது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரிக்க விக்டோரியஸ். எனக்கென்னவோ அந்த ஒட்டுத்தாடி அப்பாவை விட மனசில்லை.