கென்டக்கி இயற்கைப் பாலம்: எந்தப் பாதையில் ஏறலாம்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரத்திலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் ஸ்லேட் என்ற ஊர் வந்துவிடும். அங்கேதான் நேச்சுரல் பிரிட்ஜ் மாநிலப் பூங்கா. 65 அடி உயரத்தில், 78 அடி நீளத்துக்கு நிற்கும் மணற்கல் பாலத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அதற்குப் பாதைகள் பல. அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எதில் போவது?

கூட்டம் அதிகம் போவது ஒரிஜினல் டிரெயிலில். லெக்சிங்டன் பக்கத்திலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளுக்காக 1890களில் ரயில் கம்பெனி போட்ட பாதை இது. முக்கால் மைல்தான். ஏற்றம் இருந்தாலும் சீராகப் போகும். ஹெம்லாக் மரங்களும் ரோடோடென்ட்ரான் புதர்களும் நிழல் தரும். இதன் பெரிய லாபம், நேராகப் பாலத்தின் அடியில் கொண்டுபோய் விடுவது. அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் மொத்தமும் பாறை. கீழே ஓடை எதுவும் இல்லை. குறுகலான மலைமுகட்டை மழையும் பனியும் இரண்டு பக்கமும் அரித்து அரித்து உண்டான பாலம் இது. மேலே ஏற, பக்கத்தில் 'ஃபேட் மேன்ஸ் ஸ்குவீஸ்' என்று ஒரு பாறை இடுக்கு. முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தோளைச் சாய்த்துப் போக வேண்டும். குழந்தைகளுக்குப் பாலத்தைவிட இதுதான் பிடிக்கும்.

பேலன்ஸ்டு ராக் டிரெயிலும் முக்கால் மைல்தான். ஆனால் 600க்கு மேல் படிகள், பழனி மலை ஏறுகிற மாதிரி. வழியில் ஒரு சுண்ணாம்புக்கல் குகை, அப்புறம் பாதைக்குப் பெயர் தந்த அந்தப் பாறை. யாரோ இன்னொரு பாறை மேல் தூக்கி வைத்த கல் போலத் தெரியும். உண்மையில் எல்லாம் ஒரே கல். நடுவில் இருக்கும் மெத்தென்ற அடுக்கு சீக்கிரம் தேய்ந்ததால் இடுப்பு சிறுத்துவிட்டது. இந்தப் பாதை முடிவது பாலத்தின் மேல்.

முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஸ்கைலிஃப்ட் இருக்கிறது, கம்பியில் தொங்கியபடி மேலே போகும் நாற்காலி. கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் ஓடாது. இறங்கும் இடத்திலிருந்து பாலம் 600 அடி தூரம். அம்மா அப்பாவை அழைத்துப் போனால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். மற்றவர்கள் இதில் ஏறினால் காட்டைக் காலுக்குக் கீழே விட்டுவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான்.

நெரிசல் பிடிக்காதவர்களுக்கு ராக் கார்டன் டிரெயில். 1.75 மைல், பாறைச் சுவரின் அடியை ஒட்டியே போகும். ஹூட் பிராஞ்ச் இன்னும் நீளம், 3.75 மைல், அரை நாளில் அதை நுழைக்காதீர்கள்.

என் ஓட்டு: பேலன்ஸ்டு ராக் வழியாக ஏறி, ஒரிஜினல் வழியாக இறங்குங்கள். படிகளில் ஏறினால் மூச்சு வாங்கும், சரி; இறங்கினால் முழங்கால் போய்விடும். நடுவில் லாரல் ரிட்ஜ் பாதையில் கொஞ்சம் நடந்து லுக்அவுட் பாயின்ட்டுக்கும் போய்விட்டு வாருங்கள். பாலத்தின் மேல் நிற்கும்போது பாலம் தெரியாது. லுக்அவுட் பாயின்ட்டிலிருந்துதான் முழுசாகத் தெரியும்.

பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவர் கிடையாது. சின்னக் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.