ரங்கூன் கரண்டுக்கு எந்த பவர் சப்ளை தாங்கும்?

டெஸ்க்டாப்புக்கு பவர் சப்ளை (சுவர்க் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் பெட்டி) கேட்டால் கடைக்காரர் "எத்தனை வாட்?" என்றுதான் ஆரம்பிப்பார். சிங்கப்பூரில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி போதும். ரங்கூன் பக்கம் தாம்வேயிலும் தன்லினிலும் பகோவிலும் இருப்பவர் அதற்கு முன்னால் பெட்டியைத் திருப்பி, லேபிளில் "ஏசி இன்புட்" என்ற வரியைப் படிக்க வேண்டும். இங்கே ஒரே பவர் சப்ளைக்கு நாலு விதமான கரண்ட் வருகிறது: மத்தியானம் 230 வோல்ட், எல்லா வீட்டிலும் சோறு வேகும் சாயங்காலம் அதைவிட எவ்வளவோ குறைவு, லைன் போனதும் இன்வெர்ட்டர், அதுவும் தீர்ந்தால் ஜெனரேட்டர். நாலையும் தாங்குவது எது என்பதுதான் இங்கே உள்ள பேச்சு.

கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, கம்ப்யூட்டர் கேஸோடு (வெளிக்கூடு) சேர்ந்து வரும் பெயர் தெரியாத "500 வாட்". இரண்டாவது, பெயருள்ள கம்பெனியின் 200–240 வோல்ட் மாடல். கூலர் மாஸ்டரின் எம்டபிள்யூஇ பிரான்ஸ் (Bronze) வி2 230 வோல்ட் மாடல்கள் இதற்கு உதாரணம். மூன்றாவது, 100–240 வோல்ட் முழு வீச்சு மாடல். சீசானிக் ஃபோக்கஸ் ஜிஎக்ஸ், கோர்செயர் ஆர்எம்இ போன்றவை.

முதல் வகையை லேபிளிலேயே கண்டுபிடித்துவிடலாம். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆகவே 12 வோல்ட் வரியில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். "500 வாட்" என்று பெரிதாக அச்சிட்ட பெட்டியில் அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால், உங்களுக்குப் பயன்படுவது 216 வாட்தான். மீதியெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிய கணக்கு. ஒழுங்கான 550 வாட் பெட்டியில் 12 வோல்ட் மட்டுமே 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும்.

இந்த வகையில் சிலவற்றின் பின்புறம் 115/230 என்ற சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். சாயங்காலம் லைன் 160-க்கு இறங்கியதும் "115-இல் போட்டால் ஓடும்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். 115 நிலையில் உள்ளே இருக்கும் சுற்று வோல்ட்டை இரட்டிப்பாக்கும். 160 வோல்ட் ஏசி உள்ளே போனால் மின்சாரத்தைத் தேக்கும் இரண்டு கண்டன்சர்களுக்கும் சேர்த்து 450 வோல்ட்டுக்கு மேல் ஏறும். அவை தாங்குவது தலைக்கு 200 வோல்ட். லைன் திடீரென்று 230-க்குத் திரும்பினால் 650 வோல்ட். அப்போது வெடிப்பது கண்டன்சர் மட்டுமென்றால் அதிர்ஷ்டம், சில நேரம் மதர்போர்டும் கூடவே போய்விடும்.

குறைந்த வோல்ட்டில் என்ன ஆகிறது

இரண்டாவது, மூன்றாவது வகைகளில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கிறது. லைனில் 230 வந்தாலும் 190 வந்தாலும் அது ஏற்றிக்கொடுத்து, உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சரை ஏறக்குறைய 380 வோல்ட்டிலேயே வைத்திருக்கும். முதல் வகையில் அது கிடையாது. லைன் இறங்கினால் கண்டன்சரும் இறங்கும். அதில் தேங்கும் ஆற்றல் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 170 வோல்ட்டில் தேங்குவது 230-இல் தேங்குவதில் 55 சதவீதம்தான். சாயங்காலத்தில் லேசாக விளக்கு சிமிட்டினாலே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் எந்த வோல்ட் வரை உத்தரவாதம் என்பதில் இருக்கிறது. ஒரே வாட்டுக்கு வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். 310 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 230 வோல்ட்டில் 1.35 ஆம்பியர் எடுக்கும், 170-இல் 1.8-க்கு மேல் எடுக்கும். 200–240 மாடலில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் பிஎஃப்சி சுற்றும் 200-இல் வரும் ஆம்பியருக்கு அளந்து போட்டவை. அதற்குக் கீழே சில பெட்டிகள் சூடாகிக்கொண்டே ஓடும், சில பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும்; எப்போது எது நடக்கும் என்று சொல்ல முடியாது. 100 வோல்ட்டுக்குச் செய்த பெட்டிக்கு 170 வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கு "80 பிளஸ்" தரும் பிரான்ஸ், கோல்ட் முத்திரையைவிட இந்த வித்தியாசம் நமக்கு முக்கியம். 200–240 கோல்டும் 100–240 பிரான்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஸ்டெபிலைசர் இல்லாத வீட்டுக்கு பிரான்ஸையே எடுங்கள்.

வாட் எதற்கு

இன்டெல் ஐ5-12400 உச்சத்தில் 117 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட், போர்டு, மெமரி, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50 வாட் வைத்தால் 280 வாட் சொச்சம். வேறு ஊரில் 450 வாட் போதும் என்று முடித்துவிடலாம். இங்கே 650 சொல்வதற்குக் காரணம் நேரம்.

லைன் அறுந்த கணத்திலிருந்து கண்டன்சரில் உள்ள ஆற்றலை வைத்து பவர் சப்ளை சில மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். டெஸ்க்டாப் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் 3.1 விதி முழுச் சுமையில் 12 மில்லி செகண்ட் கேட்கிறது. சுமை குறைந்தால் நேரம் நீளும். மேலே சொன்ன 280 வாட் கம்ப்யூட்டருக்கு, விதியை ஒட்டிச் செய்த 450 வாட் பெட்டி 19 மில்லி செகண்ட் தரும், 550 வாட் 23, 650 வாட் 28. இந்த எண்களை இன்வெர்ட்டரின் கையேட்டோடு வைத்துப் பாருங்கள். இங்கே பலர் வீட்டில் மாட்டியிருக்கும் ஹைப்ரிட் சோலார் இன்வெர்ட்டர்களில் இரண்டு முறை உண்டு: யூபிஎஸ் (கம்ப்யூட்டருக்கானது), ஏபிஎல் (அப்ளையன்ஸ், பொதுவான வீட்டுச் சாதனங்களுக்கானது). பல மாடல்களில் 03-ஆம் செட்டிங்கில் மாற்றலாம். லைனிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் யூபிஎஸ் முறையில் 10 மில்லி செகண்ட், ஏபிஎல் முறையில் 20. அப்படியானால் யூபிஎஸ் முறையில் வைத்தால் தீர்ந்ததா? அதில் வேறு சிக்கல். யூபிஎஸ் முறை 170 வோல்ட்டுக்குக் கீழே லைனை ஏற்காமல் பேட்டரிக்குத் தாவிவிடும். கரண்ட் இருக்கும் சாயங்காலத்திலேயே பேட்டரி கரைந்து, உண்மையில் லைன் போகும்போது காலியாக நிற்கும். ஏபிஎல் முறை 90 வோல்ட் வரை லைனை அப்படியே விடும்.

ஆக, ஏபிஎல் முறையில் கம்ப்யூட்டரை ஓட்ட வேண்டுமானால் பவர் சப்ளை 90–100 வோல்ட் பக்கம் வரை இறங்கித் தாங்க வேண்டும், 20 மில்லி செகண்டையும் தாண்ட வேண்டும். 450 வாட் பெட்டி ஒரு மில்லி செகண்டில் தோற்கிறது. 650 வாட் முழு வீச்சுப் பெட்டி இரண்டையும் செய்கிறது. முதல் வகை இரண்டிலும் தோற்கும், இரண்டாவது வகை முதல் பாதியில் தோற்கும். ரிலே ஸ்டெபிலைசர் "டக், டக்" என்று டேப் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் படி) மாறும்போது வரும் சின்ன இடைவெளியையும் இதே நேரம்தான் காப்பாற்றுகிறது.

அதற்காக 1000 வாட்டுக்குப் போக வேண்டாம். பிரவுசரும் டைப்பிங்கும் மட்டும் ஓடும்போது கம்ப்யூட்டர் இழுப்பது 40, 50 வாட்தான். 1000 வாட் பெட்டிக்கு அது 5 சதவீதச் சுமை. அங்கே திறன் (சுவரிலிருந்து இழுப்பதில் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும் பங்கு) சரிந்துவிடும். அந்தச் சரிவு பேட்டரியில் தெரியும்.

பேட்டரிக் கணக்கு

80 பிளஸ் முத்திரை கரண்ட் பில்லுக்கு என்று சொல்வார்கள். நமக்கு அது பேட்டரி நிமிடம். 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியை ஆயுள் கெடாமல் பாதி வரை இறக்கினால் 600 வாட்-அவர் கிடைக்கும். கம்ப்யூட்டர் 150 வாட் எடுக்கிறது, இன்வெர்ட்டர் 85 சதவீதத் திறன் என்று வைத்துக்கொள்வோம். 72 சதவீதத் திறனுள்ள முதல் வகைப் பெட்டியில் 2 மணி 27 நிமிடம் ஓடும். 80 சதவீதத்தில் 2 மணி 43 நிமிடம். 90 சதவீத கோல்டில் 3 மணி 3 நிமிடம். முதலுக்கும் கடைசிக்கும் அரை மணிக்கு மேல் வித்தியாசம். போட்டோகாப்பியும் டிசைனும் செய்யும் கடைக்கு அந்த அரை மணி ஒரு ஆர்டரை முடித்துக் கொடுக்கும் நேரம்.

சின்ன 650 விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது) / 360 வாட் யூபிஎஸ் வைத்திருப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிஎஃப்சி இல்லாத பெட்டியின் பவர் ஃபேக்டர் (வாட்டை விஏ-ஆல் வகுத்தால் வருவது) 0.6 பக்கம். 280 வாட் கம்ப்யூட்டர் அதில் 390 வாட், 650 விஏ வரை இழுத்து யூபிஎஸ்ஸைக் கவிழ்த்துவிடும். கோல்ட் பெட்டியில் அதே கம்ப்யூட்டர் 310 வாட், 320 விஏ.

முதல் வகை ஜெயிக்கும் ஓர் இடம்

சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டர்கள் இன்னும் நிறைய வீடுகளில் ஓடுகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று லைன் கரண்டின் வளைந்த சைன் அலையைப் பின்தொடரும்படி செய்தது. சதுர அலை வந்தால் சில பெட்டிகள் ரீங்காரம் போடும், சில மாறும் கணத்தில் அணைந்துவிடும், இன்வெர்ட்டர் ஓவர்லோட் விளக்கைக் காட்டும். பிஎஃப்சி இல்லாத பழைய பெட்டியோ அதிலும் ஓடும். இதைப் பார்த்துவிட்டு "விலை கூடிய பவர் சப்ளை கெட்டது" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மாற்ற வேண்டியது இன்வெர்ட்டரை. வாங்கும்போதே "பியூர் சைன்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டரை மாற்ற முடியாத நிலையில், டைப்பிங்குக்கு மட்டும் கம்ப்யூட்டர் என்றால், பவர் சப்ளைக்குச் செலவழிக்காமல் அடாப்டரில் ஓடும் மினி பிசி வாங்குவதே மேல்.

ஜெனரேட்டருக்கு முதல் வகை, இரண்டாம் வகை என்ற பேதத்தைவிட ஒழுங்கு முக்கியம். ஏவிஆர் (வோல்ட்டைத் தானே சீராக வைக்கும் பாகம்) உள்ள ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து, அது ஓட்டம் நிதானப்பட்ட பிறகு கம்ப்யூட்டரைப் போடுங்கள்.

லைன் போய் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டால் பின்புற ஆன்/ஆஃப் ஸ்விட்சையும் அணைப்பது நல்ல பழக்கம். திரும்பி வரும் கரண்ட் முதல் சில நிமிடம் ஏறி இறங்கும். பெரும்பாலான பெட்டிகளுக்கு மேல் எல்லை 264 வோல்ட். உடனே போட்டு, அணைத்து, மறுபடி போடுவதும் கூடாது: முதல் பாய்ச்சலைத் தடுக்கும் என்டிசி ரெசிஸ்டர் சூடாக இருக்கும்போது தடுக்காது, ஃபியூஸோ ரெக்டிஃபையரோ போகும். ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

எர்த் இல்லாத ஃபிளாட்

பழைய கட்டிடங்களில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்காது. அங்கே கேஸைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். நல்ல பெட்டிகளில் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சின்னக் கண்டன்சர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேஸுக்குப் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் கேஸ் பாதி வோல்ட்டில், அதாவது 115 பக்கம், நிற்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்றாலும், ஹெச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது அதுவே கார்டைக் கெடுக்கப் போதும். மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். அதுவரை மானிட்டர் வயரைச் செருகும் முன் கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

யாருக்கு எது

கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் அல்லது நேரடி லைன்: 100–240, 550 அல்லது 650 வாட், பிரான்ஸ் போதும், கை தாங்கினால் கோல்ட். எந்நேரமும் 220–230 தரும் நல்ல சர்வோ ஸ்டெபிலைசர் முன்னால் இருந்தால் இரண்டாவது வகை தாராளம். மிச்சப் பணத்தை பேட்டரியில் போடுங்கள். முதல் வகையைக் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் போடவே வேண்டாம்.

ஃபேன் நின்று ஓடும் "ஈகோ" வசதிக்கு ஸ்விட்ச் இருந்தால், திஞ்ஞான் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு) சமயத்து வெயிலில் அதை அணைத்து வையுங்கள். கேஸின் அடியில் வலை இருக்கட்டும். மழைக்காலத்தில் சூடு தேடி எறும்பும் பல்லியும் உள்ளே போகும். உயர் வோல்ட் பகுதியில் ஒரு பல்லி குறுக்கே விழுந்தால் பெட்டி முடிந்தது. திறந்து எடுக்க முயலாதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டன்சரில் 380 வோல்ட் நிற்கலாம்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய கம்ப்யூட்டர்களின் பவர் சப்ளையைத் தனியே விற்பார்கள். தரம் நன்றாகவே இருக்கும், ஆனால் சிலவற்றில் இன்புட் 100 வோல்ட் மட்டும். 230-இல் செருகினால் அதோடு சரி. வயர்களைக் கழற்றி மாட்டும் பழைய மாடுலர் பெட்டி வாங்கினால் அதற்கே உரிய வயர்களையும் சேர்த்து வாங்குங்கள். பெட்டிப் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். ஹார்ட் டிஸ்குக்குக் கரண்ட் தரும் சாட்டா வயர் வேறு பெட்டியினுடையதாக இருந்தாலும் அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய பின்னில் 12 வோல்ட் போகும், முதல் தடவை ஸ்விட்ச் போட்டதுமே ஹார்ட் டிஸ்க் எரிந்துவிடும். வயர் காணவில்லை என்றால் மல்டிமீட்டரில் பின் பின்னாகச் சரிபார்க்காமல் எதையும் செருகாதீர்கள். 12 வோல்ட் பின்னில் 11.4 முதல் 12.6, 5 வோல்ட் பின்னில் 4.75 முதல் 5.25 வரை காட்ட வேண்டும்.