அணைந்து அணைந்து எரியும் பாய்லர்: புதிது வாங்குவதா, இருப்பதைச் சரிக்கட்டுவதா?

லண்டன் வீடுகளில் கேஸை எரித்து நீரைச் சூடாக்கி, அறைகளைச் சூடேற்றும் ரேடியேட்டர் தகடுகளுக்கு அனுப்பும் பெட்டிதான் பாய்லர். அதன் குளிர்காலச் சத்தம் இது. சமையலறை அலமாரிக்குள் ஒரு ‘டிக்’, விசிறி இரைச்சல், குப்பென்று தீ. ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும். சிறிது நேரத்தில் மறுபடி ‘டிக்’. திரையில் பிழை எண் இல்லை, தண்ணீர் அழுத்தமும் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) அளவுக்குள் இருக்கிறது என்றால் பெரும்பாலும் இது பழுதே இல்லை. பாய்லர் வீட்டுக்கு மிஞ்சிய பலசாலி, அவ்வளவுதான்.

எங்களுக்கு இருந்த வழிகள் மூன்று: புது பாய்லர், அறைக்கு அறை ஸ்மார்ட் வால்வு (ஒவ்வொரு ரேடியேட்டரையும் தானே திறந்து மூடுவது), இருப்பதன் செட்டிங்கை மாற்றுவது. நான் மூன்றாவதன் கட்சி.

ஸ்மார்ட் வால்வு வேறு விதத்தில் நல்ல பொருள். ஆனால் இந்தக் கோளாறுக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். மற்ற அறைகளையெல்லாம் மூடிவிட்டு, ஒரே படுக்கையறையின் 1 கிலோவாட் ரேடியேட்டருக்காக பாய்லர் எரிந்தால் உடனே அணையாமல் என்ன செய்யும்?

கணக்கு இதுதான். கோம்பி பாய்லரை, அதாவது தனித் தொட்டி இல்லாமல் குழாய் வெந்நீரையும் தானே தரும் பாய்லரை, 30 கிலோவாட் என்று விற்பது குளியலறை வெந்நீருக்காக. சின்ன வரிசை வீட்டைச் சூடாக்க, கடுங்குளிரிலும் 6, 8 கிலோவாட் போதும். மிதமான நாளில் 2, 3. பாய்லர் தீயைத் தணித்துக்கொள்ளும், ஆனால் ஓர் எல்லை வரைதான். ஐந்தில் ஒரு பங்கு வரை என்றால் 30 கிலோவாட் பாய்லர் 6-க்குக் கீழே இறங்காது. ரேடியேட்டர்கள் அவ்வளவு சூட்டை வாங்காவிட்டால் தண்ணீர் வரம்பு மீறிச் சூடேறி, தீ அணைகிறது. ஆக, பார்க்க வேண்டிய எண் அதிகபட்சம் இல்லை, குறைந்தபட்சம்.

நாங்கள் செய்தது: வரவேற்பறை, நடைக்கூட ரேடியேட்டர் வால்வுகளை முழுக்கத் திறந்தோம். வெப்பமூட்டலுக்கான உச்ச கிலோவாட் வரம்பை கேஸ் சேஃப் (கேஸ் வேலைக்கான பிரிட்டனின் அதிகாரபூர்வப் பதிவேடு) பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு குறைத்தோம்; வெந்நீருக்கு அதனால் பாதிப்பில்லை. ரேடியேட்டருக்குப் போகும் நீரை 75 டிகிரியிலிருந்து 60-க்கு இறக்கினோம். முன்பு ரேடியேட்டரின் அடிப்பாகம் சில்லென்று இருக்கும்போதே திரையில் 48, 60, 74 என்று எகிறும். இப்போது எண் நிதானமாக ஏறுகிறது. திரும்பும் நீர் 55-க்குக் கீழே இருப்பதால் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, அதன் வெப்பமும் வீட்டுக்கே வருகிறது.

குறையும் உண்டு. உச்சத்தைக் குறைத்தாலும் அடிமட்டம் மாறாது. மிதமான இலையுதிர்கால நாட்களில் இன்னும் அணைந்து எரிகிறது. 50 டிகிரிக்கு இறக்கிப் பார்த்தபோது ரேடியேட்டர்கள் வாங்கும் சூடு குறைந்து, பழைய கதை திரும்பியது. தனி வெந்நீர்த் தொட்டி உள்ள பெரிய வீட்டில் இதை நான் செய்து பார்த்ததில்லை.

பாய்லருக்கு வயதாகிவிட்டது என்றால் சரி, புதிது வாங்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் 2018 ஏப்ரல் முதல் புதிய கோம்பியோடு, குறிப்பிட்ட சில கூடுதல் சிக்கன வசதிகளில் ஏதாவது ஒன்று கட்டாயம். அவற்றில் வெளிவெப்பத்துக்கேற்ப நீர்ச்சூட்டை மாற்றுவதை நான் கேட்டு வாங்குவேன். எங்களுக்கு விலை சொன்னவர் 35 கிலோவாட் என்று அடித்துச் சொன்னார், குறைந்தபட்சத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. கையேட்டின் தொழில்நுட்ப அட்டவணையில் அது இருக்கும். 3 கிலோவாட்டை ஒட்டி இருந்தால் நல்லது. அப்புறம், ரேடியேட்டர் மேலே சுட்டு அடியில் குளிர்ந்தே கிடந்தால் முதலில் உள்ளே படிந்த துருச்சேற்றைக் கழுவி எடுக்கச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுப் புது பாய்லர் மாட்டினால் அதுவும் இதே தாளம்தான் போடும்.