செலெக்ஸ் 100: ஒற்றை வெள்ளை ஈக்கு இது போதுமா?

பெமிசியா டபாசி வெள்ளை ஈயின் வகைகளைக் கண்ணால் பிரிக்க முடியாது. நம் வயல்களில் இருக்கும் ஆசியா-1 வகையும், 1999-ல் கோலார் பக்கம் தென்பட்ட அயல் வகையான மீம்-1-ம் பார்வைக்கு ஒன்றேதான். டிஎன்ஏ பார்த்தால்தான் தெரியும். நூற்றுக்கணக்கான ஈக்களைத் தனித்தனியாகப் பார்க்க, டிஎன்ஏவை வடிகட்டிப் பிரிக்கும் ஸ்பின் காலம் (column) கிட்டைவிட, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகளான செலெக்ஸ் 100 ரெசின் மிக மலிவு, வேலையும் குறைவு.

ஆல்கஹாலில் வைத்த ஈயை வடிதாளில் உலரவிடுங்கள். 5 சதவீத செலெக்ஸ் கரைசல் 50 மைக்ரோலிட்டரில் நசுக்கி, புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே 2 மைக்ரோலிட்டர் விட்டு, 56 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 96 டிகிரியில் 10 நிமிடம். மையவிலக்கியில் சுழற்றியதும் மேல்தெளிவை மட்டும் எடுக்க வேண்டும்.

கைப்பக்குவம் தேவைப்படுவது ரெசினை அளந்து ஊற்றும்போதுதான். மணிகள் நொடியில் அடியில் தங்கிவிடும். கலக்கிக்கொண்டே, நுனி வெட்டிய டிப்பால் உறிஞ்சாவிட்டால் ஒரு குழாயில் வெறும் தண்ணீர், அடுத்ததில் மணல். அதைவிட மோசம், ஒன்றிரண்டு ரெசின் மணிகள் பிசிஆருக்குள், அதாவது டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் வினைக்குள், போவது. மக்னீசியத்தை அது பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி ஓடாது, ஜெல்லில் பட்டையே வராது. டிஎன்ஏ இல்லையென்று மாதிரியைத் தூக்கி எறியாதீர்கள். மறுபடி சுழற்றி, மேலிருந்து 1 மைக்ரோலிட்டர் எடுத்துப் பாருங்கள்.

பெருக்க வேண்டிய துண்டின் இரு முனைகளைக் குறிக்கும் சி1-ஜே-2195, எல்2-என்-3014 பிரைமர்களோடு, 52 டிகிரி ஒட்டு வெப்பத்தில், மைட்டோகாண்ட்ரியா சிஓ1 மரபணுவின் 800 காரத்துக்கு மேற்பட்ட துண்டு தெளிவாகவே வரும். அந்தத் துண்டின் டிஎன்ஏ வரிசையைப் புரதமாக மாற்றிப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டாம். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது உட்கருவில் ஒட்டிய போலிப் பிரதியாக இருக்கலாம். 3.5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வேறு இனம் என்பது 2010 முதல் பழகிய அளவுகோல்.

ஒரே இனத்துக்குள் ஊருக்கு ஊர் வேறுபாடு காண மைக்ரோசாட்டிலைட், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு டிஎன்ஏ தொடர்கள், வேண்டும். அதற்கும் இந்தக் கரைசல் போதும், ஆனால் பெண் ஈக்களையே எடுங்கள். ஆணுக்கு ஒற்றைத் தொகுதி மரபணுதான், கணக்கு கெடும்.

டிஎன்ஏவை நொதியால் வெட்டி வரிசை படிக்கும் ராட்-சீக்வென்சிங்குக்கு இதை வாங்காதீர்கள். கொதித்ததில் இழைகள் பிரிந்துவிடுவதால் வெட்டு நொதி வேலை செய்யாது. அதற்கு காலம் கிட்தான். டிஎன்ஏ அளவு காட்டும் நானோடிராப் கருவியின் அளவையும் நம்ப வேண்டாம். பல மாதம் வைத்திருக்க, தெளிவை வேறு குழாய்க்கு மாற்றி மைனஸ் 20-ல் வையுங்கள்.