30 நாள் வானில் வாழ்ந்த கணக்கு: கொக்குவிலில் வாடகைக்கு எடுத்த கேம்பர் வான்

நான் 31 வருடம் கணக்குப் படிப்பித்த ரீச்சர். இவர், என் கணவர், இலங்கைப் போக்குவரத்துச் சபையில் 27 வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு பேரும் ஓய்வெடுத்த பிறகு, 2025 பெப்ரவரி 8 முதல் மார்ச் 9 வரை வீட்டைப் பூட்டிவிட்டு 30 நாள் ஒரு வானில் இருந்தோம். வருடத்தில் பாதிக்கு மேல் இப்படி வாழ ஏலுமா, என் ஓய்வூதியமும் இவருடைய சேமலாப நிதிக் காசின் வட்டியும் அதைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். அதனால் செலவழித்த ஒவ்வொரு ரூபாவையும் ஒற்றை றூள் கொப்பி ஒன்றில் எழுதினேன். இங்கே எழுதுவது அந்தக் கொப்பியிலிருந்துதான்.

வானைத் தந்தவர் யாழ்ப்பாணம் கொக்குவிலில் வாகனத் திருத்துமிடம் வைத்திருக்கும் ஒரு தம்பி. பழைய டொயோட்டா ஹயஸ் வான் ஒன்றின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் தன் கையாலேயே கட்டில், சமையல் மேசை, 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, 40 லீற்றர் குளிர்ப்பெட்டி, கூரையில் 200 வாற் சோலர், 100 ஆம்பியர் மணி லித்தியம் பற்றரி எல்லாம் பொருத்தியிருக்கிறார். மாத வாடகை 180,000 ரூபா. முற்பணம் 50,000. எடுக்கும் நாளில் காப்புறுதிப் பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், இருக்கை கழற்றியதற்கான பதிவு மூன்றையும் கேட்காமலே எடுத்துக் காட்டினார். யாரிடம் எடுத்தாலும் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். வானின் உள்ளமைப்பு எழுத்தில் இல்லாவிட்டால், ஏதும் நடந்த பிறகு காப்புறுதிக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

இவர் முதலில் சம்மதிக்கவில்லை. "இஞ்சாரும், வீடில்லாமல் திரிஞ்சது காணாதே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, கைப்பிள்ளையோடும் ஒரு சைக்கிளோடும் மழையில் நாவற்குழிப் பாலம் கடந்தவர்கள் நாங்கள். எங்கள் வயதில் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு மூட்டை கட்டி வாகனத்தில் ஏறுவது என்றாலே வயிற்றில் ஏதோ செய்யும். "இந்த முறை திறப்பு எங்கட கையில இருக்குதெல்லோ" என்று அடுத்த நாள்தான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வானைப் பார்க்க வந்தார்.

முதல் ஒன்பது நாளில் பிழை விட்டோம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரி, மன்னார், திருக்கேதீச்சரம், தலைமன்னார், அங்கிருந்து வவுனியா வழியாகத் திருகோணமலை, பிறகு ஏ9 வீதி பிடித்து வீடு திரும்பும் பாதை. ஒன்பது நாளில் 610 கிலோமீற்றர். மிச்ச 21 நாளும் குடாநாட்டுக்குள்ளும் கிளிநொச்சிப் பக்கமும் ஓடியது 608. வான் லீற்றருக்கு 9.3 கிலோமீற்றர் தந்தது. நாங்கள் போனபோது டீசல் 286 ரூபா. மொத்தம் 131 லீற்றர், 37,466 ரூபா. அதில் சரிபாதி அந்த ஒன்பது நாளுக்கே போய்விட்டது. 2022 ஜூனில் இதே டீசல் 460 ரூபாவுக்கு ஏறியது நினைவிருக்கும். அப்படி ஒரு காலம் திரும்பி வந்தால் வான் வாழ்க்கையில் குறைக்கக்கூடியது ஓட்டத்தைத்தான். ஓரிடத்தில் மூன்று இரவாவது நில்லுங்கள். நிற்கும் வான் டீசல் குடிக்காது. சந்தை எங்கே, நல்ல தண்ணீர் எந்தக் கிணற்றில் என்றெல்லாம் இரண்டாம் நாள்தான் தெரியவரும், அதற்குள் கிளம்பிவிட்டால் எல்லாவற்றையும் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு 41,300. வீட்டில் இருந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகியிருக்கும். காலையில் சந்தைக்குப் போய் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கினோம். சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் மரக்கறி மலிவு. பருத்தித்துறையில் வள்ளம் வந்து சேரும் நேரத்துக்கு நின்றால் மீனும் மலிவு. குளிர்ப்பெட்டி சின்னது, அதனால் கெடாத சாமான்தான் கை கொடுத்தது. புழுக்கொடியல், பனங்கட்டி, மோர் மிளகாய், ஒடியல் மா எல்லாம் இப்படியான வாழ்க்கைக்காகவே செய்து வைத்ததுபோல் இருந்தன. கருவாட்டை மட்டும் வானுக்குள் வைக்காதீர்கள். புட்டு அவித்தால் ஆவி சுவரெல்லாம் வியர்த்து, இரவு மெத்தை ஈரமாகிவிடும். நான்காம் நாளிலிருந்து அடுப்பைப் பின்கதவுக்கு வெளியே எடுத்துச் சமைத்தோம். 2.3 கிலோ எரிவாயுச் சிலிண்டர் இரண்டு, 1,520 ரூபா. 2021 கடைசியில் ஊரெல்லாம் சிலிண்டர் வெடித்த பயம் எனக்கு இன்னும் போகவில்லை. குழாய் பொருத்தும் இடத்தில் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் தீக்குச்சி உரசுவேன். இரவு வால்வு பூட்டியே இருக்கும்.

இனி வானின் குறைகள். முதலில் கறண்ட், ஏனென்றால் வெயில் காலத்தில் வானில் இருப்பதா விடுவதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பற்றரியில் உள்ளது சுமார் 1,280 வாற் மணி. இந்த வெக்கைக்குக் குளிர்ப்பெட்டி பாதி நேரம் ஓடும், அதுவே 500க்கு மேல் எடுக்கும். இரண்டு மின்விசிறி, விளக்கு, கைப்பேசி சேர்த்தால் நாளுக்கு 800. நல்ல வெயிலில் சோலர் திருப்பித் தருவதும் அதே 800க்குக் கிட்டத்தான். கணக்குச் சரியாக வருகிறது, ஆனால் வானை வெயிலில் நிறுத்த வேண்டும். வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருக்க ஏலாது. வேப்பமர நிழலில் நிறுத்தினால் சோலர் வேலை செய்யாது. கீரிமலையில் இரண்டு நாள் நிழலில் நின்றோம், மூன்றாம் நாள் காலமை பால் திரைந்துவிட்டது. தம்பியிடம் சொன்னேன். கழற்றி வைக்கக்கூடிய 100 வாற் தகடு ஒன்றையும் 10 மீற்றர் வயரையும் அடுத்த நாளே கொண்டுவந்து தந்தார். வான் நிழலில், தகடு வெயிலில். அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை. இது கேட்காமலே வானோடு வர வேண்டிய சாமான்.

என் அண்ணரின் மகள் ஜேர்மனியில் இரண்டு வருடமாக வானில் இருக்கிறாள். அங்கே அவளுக்குக் குளிர்காலச் சூடாக்கிதான் செலவு. எங்களுக்கு எதிர்ப்பக்கம். மாசியில் இரவு நல்ல குளிர்மை, "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்வார்கள், போர்வை தேடினோம். மார்ச் தொடங்கியதும் மத்தியானம் 11 மணிக்கு மேல் வானுக்குள் இருக்க முடியவில்லை. பங்குனி, சித்திரையில் இந்த வானில் முழுநேரமாக இருக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நுளம்பு வலை பக்க ஜன்னல்களுக்கு இல்லை. இது பெரிய குறை. காரைநகரில் முதல் இரவு இரண்டு பேரும் தூங்கவில்லை. யாழ்ப்பாணம் பட்டினத்தில் வலைத் துணியும் காந்தப் பட்டியும் 1,900 ரூபாவுக்கு வாங்கி நானே தைத்துப் போட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது தம்பி அந்தக் காசைத் தந்துவிட்டார், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

தண்ணீர் விஷயம் இங்கே யாரும் எழுதுவதில்லை. 60 லீற்றர் தாங்கி சட்டி பானை கழுவவும் முகம் கழுவவும் இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும். நிரப்புவதற்குக் கோயில் கிணறு, தெரிந்தவர் வீடு. யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தீவுப்பக்கம் கிணறு சவர். அதை நிரப்பினால் பம்பிலும் குழாயிலும் உப்புப் படியும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் நல்லது, ஆனால் சுண்ணாம்புக் கல் நிலம் என்பதால் கேத்தலில் வெள்ளையாகப் படியும். குடிக்க வாங்கியது தனி, 4,200 ரூபா. குறிகட்டுவானில் வானை நிறுத்திவிட்டு நயினாதீவுக்குப் படகில் போய் வந்த நாளுக்கு முதலே தாங்கியை நிரப்பிக்கொண்டுதான் போனோம். கடலோரம் நின்ற பிறகு வானின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்று இவர் ஒரே பிடிவாதம். கிழமைக்கு ஒரு தரம் கழுவினார். உப்புக் காற்றில் ஓடிய பஸ்களின் அடித்தகடு எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

கழிப்பறை என்று இருப்பது ஒரு கையடக்கப் பெட்டி. அவசரத்துக்கு மட்டும்தான். மற்ற நேரம் எண்ணெய் நிரப்பு நிலையம், கோயில் மடம், இடைக்கிடை தங்குவிடுதி வளவு. வளவுக்குள் நிறுத்திக் குளிக்கவும் விட்டவர்களுக்கு இரவுக்கு 1,500, 2,000 கொடுத்தோம். எல்லாமாக 9,500. முழங்கால் நோவு உள்ளவர்கள் இதை நன்றாக யோசித்து முடிவெடுங்கள். எனக்கு நோவு இருக்கிறது. இரவில் வானிலிருந்து இறங்கும் படி உயரம், கைபிடியும் இல்லை.

சிவராத்திரி அன்று, பெப்ரவரி 26, கீரிமலையில் நகுலேஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்றோம். ஊரே கண் விழித்திருந்த இரவு. வானின் பின்கதவைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். பக்கத்தில் பாய் விரித்திருந்த ஒரு குடும்பத்துக்கும் ஊற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ரீச்சர், என்னைத் தெரியேல்லையே? ஒன்பதாம் வகுப்பில உங்களிட்டப் படிச்சனான்" என்றாள். வீட்டில் இருந்திருந்தால் அவளைச் சந்தித்திருக்க மாட்டேன்.

தம்பியின் சேவைக்கு ஒரு சம்பவம் சொன்னால் போதும். மணற்காட்டில் இரவு எட்டு மணிக்கு உள் விளக்கு, மின்விசிறி, பம்ப் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டன. தொலைபேசியில் சொன்னதும், "அம்மா, பற்றரிக்குப் பக்கத்துப் பியூஸாத்தான் இருக்கும், கைவைக்காதேங்கோ, வாறன்" என்றார். கொக்குவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்து மாற்றிவிட்டு, மேலதிகமாக மூன்று பியூஸ் வைத்து, எப்படி மாற்றுவது என்று இவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை.

மிச்சச் சில்லறைச் செலவு: படகும் கோயில் செலவும் 3,400, உடுப்புத் தோய்க்க 2,800, ரயர் ஒட்டு 1,200. வாடகையோடு மொத்தம் 281,386. வாடகையை விட்டால் 101,386. வீட்டில் எங்களுக்கு மாதம் 78,000 ஆகும். அப்படியென்றால் ஊர் ஊராகத் திரிந்து வாழ்வதற்கு மேலதிகம் 23,000 சொச்சம்தான். உண்மையில் பயந்த அளவு இல்லை. தடுப்பது வாடகைதான்.

அப்போ வானை வாங்கினால்? அதையும் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வான்களின் விலை ஏறிய ஏற்றம் தெரிந்ததுதான். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டும் எங்களிடம் 2008ஆம் ஆண்டு வான் ஒன்றுக்கு ஒரு கோடியே 10 இலட்சம் கேட்டார்கள். அந்தக் காசை வங்கியில் நூற்றுக்கு 8 வட்டியில் போட்டால் வருடம் 880,000, மாதம் 73,000க்கு மேல். வான் வாங்கினால் அந்த வட்டி இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத வாடகை. 880,000ஐ 180,000ஆல் பிரித்தால் ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. காப்புறுதி, திருத்தம், வானின் தேய்மானம் சேர்த்தால் வருடத்தில் ஏழெட்டு மாதமாவது வானில் இருப்பவர்களுக்குத்தான் வாங்குவது கட்டும். எங்கள் வெயிலுக்கு ஏழெட்டு மாதம் முடியாது. மழை மாதங்களும் இருக்கின்றன.

ஆகவே எங்கள் முடிவு, வருடத்தில் ஒரு தரம் தை மாசியில் வாடகைக்கு எடுப்பது. முதல் இரவு பூநகரியில் இவர் வானை ரோட்டைப் பார்க்க நிறுத்தி, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே படுத்தவர். மூன்றாம் கிழமை மணற்காட்டில் கடலைப் பார்க்க நிறுத்தி, விடிந்தும் எழும்பாமல் படுத்திருந்தார்.

அடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகு 45 நாள் கேட்டிருக்கிறோம். ஜன்னலுக்கு வலையும் படிக்குப் பக்கத்தில் ஒரு கைபிடியும் போட்டு வைப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். வாடகையை 160,000 ஆக்கச் சொல்லி இவர் கதைத்துக்கொண்டிருக்கிறார்.