அல்சூரில் கொசுப்புகையும் கைக்குழந்தையும்

ஒரு மாத லீவில் டொரொண்டோவிலிருந்து பெங்களூரு அல்சூருக்கு வந்தேன். அதில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் போயிற்று. தங்கச்சியின் இரண்டரை மாதக் குழந்தைக்குக் கக்குவான் இருமல். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள், குறை இல்லை. எனக்கு ஆறாதது வீடு திரும்பிய பிறகு நடந்தது.

டிஸ்சார்ஜ் அன்று பில்லுக்கு நாலு மணி நேரம் உட்கார்ந்தோம். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொன்னது இரண்டு நிமிஷம். அசித்ரோமைசின் ஐந்து நாள் கொடுத்தால் அடுத்தவருக்குத் தொற்றாது, சரி. ஆனால் இருமல் அதோடு போகாது. கிருமியின் நஞ்சு மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிவிடும், அது ஆற வாரக்கணக்கில் ஆகும், மூன்று மாதம்கூட இழுக்கும். அதுவரை புகையும் தூசியும் ஆகவே ஆகாது. இதை ஒரு தாளில் எழுதித் தந்தால் என்ன? என் மகன் டொரொண்டோவில் மூச்சுத்திணறலுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கியபோது, எது வந்தால் திரும்ப ஓடிவர வேண்டும் என்று நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டினார்.

தடுப்பூசிக் கதை இன்னும் எரிச்சல். கர்ப்பத்தில் தங்கச்சிக்குப் போட்டது டெட்டனஸும் டிப்தீரியாவும் மட்டும். கனடாவில் 27 முதல் 32 வாரத்துக்குள் கக்குவானுக்கும் சேர்த்தே போடச் சொல்கிறார்கள். குழந்தைக்கு ஆறாவது வாரம் போட வேண்டியதையும் லேசான சளி என்று தள்ளிவிட்டார்கள். அந்தச் சளிக்குத் தள்ள வேண்டியதே இல்லை.

வீட்டில் கொசுவர்த்தி, ஊதுபத்தி எல்லாம் நிறுத்தினோம். "குளிப்பாட்டிட்டு சாம்பிராணி காட்டாம எப்படிடி?" என்று அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் காட்டிய அதே தூபக்கால், அலமாரி மேல் ஏறியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. கொசுவுக்குப் புகை அடிக்கும் மெஷின். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் தெருவே ஓடும். வெள்ளைப் புகைக்குள் புகுந்து ஒருத்தரை ஒருத்தர் தேடுவோம். டீசல் வாசனை மூக்கில் ஏறியதும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்த ஒரு நொடியை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்துவதற்குள் புகை கூடத்துக்கு வந்துவிட்டது.

கக்குவானில் இருமி முடித்ததும் வரும் 'ஊப்' என்ற மூச்சிழுப்புகூட இத்தனை சின்னக் குழந்தைக்குப் பெரும்பாலும் வராது. இருமி இருமி மூச்சே நின்றுபோகும். முகம் சிவந்தது, உதடு நீலம் பாரித்தது. தங்கச்சி ஒருக்களித்துப் பிடித்தாள். மறுபடி மூச்சு வந்ததும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தது, ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுக் காலையில் அனுப்பினார்கள்.

டெங்குவுக்காக அடிக்கிறார்கள், வேண்டாம் என்று யார் சொல்வது? முன்கூட்டி ஒரு வார்த்தை போதும். மாநகராட்சிக்கு ஃபோன் போட்டுப் பார்த்தேன், மூன்று இடம் மாற்றினார்கள், பதில் இல்லை. கடைசியில் மார்க்கெட் பக்கம் டீக்கடையில் அந்தப் புகை அடிக்கிறவரையே கண்டுபிடித்தேன். தமிழ்க்காரர். சண்டைக்குத்தான் போனேன். "கைக்குழந்தையா? தெரியாதும்மா, தெரிஞ்சா அடிப்பனா?" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வீடு எது என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் மெஷினைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு வந்து கதவைத் தட்டினார். "ஜன்னல் எல்லாம் சாத்திக்கங்கம்மா, உங்க பக்கம் அஞ்சு வீடு விட்டுடறேன்." சாத்தி முடிக்கும்வரை வாசலில் நின்றார். டொரொண்டோவில் புகார் எண் கிடைத்திருக்கும், மின்னஞ்சல் வந்திருக்கும். வாசலில் ஒருத்தர் வந்து நின்றிருக்க மாட்டார்.

நான் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. தங்கச்சி நேற்றுப் பேசினாள். குழந்தை இப்போது ராத்திரியில்தான் இருமுகிறதாம், இரண்டு தடவை. அவர் இன்னும் வாராவாரம் கதவைத் தட்டிவிட்டுத்தான் அடிக்கிறாராம்.